கேள்வி கேட்ட பாட்டுக்காரர்: தெலுங்கு நாடகாசிரியர் ஆத்ரேயா

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் முழுநேரக் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



1957-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆந்திர நாட்டில் ஒரு சினிமாப் படம் வெளிவந்தது. 'தோடி கோடள்ளு' என்று பெயர். தமிழில் சொன்னால் ஓரகத்திகள். வங்கத்து எழுத்தாளர் சரத் சந்திரர் எழுதிய கதையை வைத்து எடுத்த குடும்பப் படம். அதே ஆண்டில் 'எங்கள் வீட்டு மகாலட்சுமி' என்று தமிழிலும் அது வந்தது. உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள்.

கூட்டுக் குடும்பம், அண்ணன் தம்பி, ஓரகத்திகளின் சண்டை, கடைசியில் சமாதானம் - கதை இவ்வளவுதான். ஆனால் அந்தத் தெலுங்குப் படத்தின் நடுவில் ஒரு பாட்டு இருக்கிறது. கண்டசாலா பாடியது. காரில் உல்லாசமாகப் போகிற ஒரு பணக்காரப் பெண்ணைப் பார்த்து ஒருவன் மூன்று கேள்விகள் கேட்கிறான்.

முதல் கேள்வி: உன் கன்னத்திலே ரோஜா நிறம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? இரண்டாவது கேள்வி: நீ குடியிருக்கிற மாடி வீட்டுக்குப் பளிங்குக் கல் எப்படி வந்தது? மூன்றாவது கேள்வி: காற்றில் மிதக்கிற மாதிரி ஒரு சேலை கட்டியிருக்கிறாயே, அதன் வேலைப்பாடு யாருடையது?

பதிலையும் அவனே சொல்கிறான். உன்னைவிட அழகான பெண்கள் எத்தனையோ பேர் கொளுத்தும் வெயிலில் கருகிப் போனார்கள். அவர்கள் இழந்த நிறம்தான் உன் கன்னத்துக்கு வந்தது என்கிறான். வயிறு காய்ந்தவர்கள் சுரங்கத்தைக் குடைந்து வெட்டிய கல் இது என்கிறான். கந்தல் கட்டிய நெசவாளி நெய்த சேலை அது என்கிறான். பாடுபடுவது ஒருவர், சுகப்படுவது இன்னொருவர் என்பது இனிமேல் நடக்காது என்று முடிக்கிறான்.

நடவு நடுகிற தாய்மார்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். வெயில் என்ன செய்யும் என்று உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ரிங் பிரேமில் சைடு பார்க்கிற தோழர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் நூற்ற நூல் எந்தக் கடையில் என்ன விலைக்குச் சேலையாகத் தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டு உங்களை வைத்து எழுதிய பாட்டு. ஓரகத்திச் சண்டையைப் பார்க்க வந்த ஜனங்கள் முன்னாலே, கொட்டகை கொட்டகையாக, அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் தெலுங்கு மக்கள் அதைப் பாடுகிறார்கள்.

அதை எழுதியவர் பெயர் ஆத்ரேயா. தெலுங்கு மக்கள் 'ஆசார்ய ஆத்ரேயா' என்று சொல்வார்கள். நாடகாசிரியராகத் தொடங்கி, சினிமாப் பாட்டுக்காரராகப் புகழ் பெற்றவர். அவருடைய வாழ்க்கையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

பிறப்பும் வாலிபமும்

அவருடைய சொந்தப் பெயர் கிளாம்பி வேங்கட நரசிம்மாச்சாரியுலு. 1921-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி பிறந்தார். நெல்லூர் ஜில்லாவில் சூளூர்பேட்டைக்குப் பக்கத்தில் மங்களம்பாடு என்று ஒரு கிராமம். சென்னையிலிருந்து கூடூர் போகிற ரயில் பாதையில்தான் சூளூர்பேட்டை இருக்கிறது. அவர் பிறந்த காலத்தில் அது சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. வைணவப் பிராமணக் குடும்பம். ஆத்ரேயா என்பது அவருடைய கோத்திரப் பெயர். அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார். பெயர் மட்டும்தான் பழைய ஆசாரத்திலிருந்து வந்தது. எழுத்து அங்கேயிருந்து வரவில்லை.

மாணவராக இருக்கும்போதே நாடகம் எழுத ஆரம்பித்தார். 1942 வந்தது. 'வெள்ளையனே வெளியேறு' என்று நாடே கொதித்தெழுந்த ஆண்டு. அவருக்கு அப்போது 21 வயது. படிப்பைப் போட்டுவிட்டுப் போராட்டத்தில் குதித்தார். ஜெயிலுக்குப் போனார்.

வெளியே வந்தால் சோறு வேண்டாமா? பல வேலை பார்த்தார். செட்டில்மெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். நிலத்தை அளந்து, தரம் பிரித்து, தீர்வை கட்டுகிற ஆபீஸ் அது. அங்கே குமாஸ்தாவின் பேனா ஓடுகிற ஓட்டத்தில் குடியானவனின் தலையெழுத்தும் ஓடும். பிறகு நெல்லூரிலிருந்து வந்த 'ஜமீன் ரயத்து' என்ற வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தார். ஜமீன் நிலத்தில் பாடுபடுகிற குடியானவன் என்பது அந்தப் பெயருக்குப் பொருள்.

ஆக, ஜெயில், சர்க்கார் ஆபீஸ், குடியானவர் பெயர் தாங்கிய பத்திரிகை - இந்த மூன்றும் அவருக்குப் பள்ளிக்கூடம். பின்னாலே அவர் எழுதியதில் எது உயிரோடு நிற்கிறதோ, அதற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

ராஜாக்களின் மேடை

அந்த நாள் தெலுங்கு மேடை எப்படி இருந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் ஆத்ரேயா செய்தது என்ன என்று விளங்கும்.

தெலுங்கில் பத்ய நாடகம் என்று ஒன்று உண்டு. புராணக் கதை. கிருஷ்ணன் தூது வருவான், அரிச்சந்திரன் மயானம் காப்பான். நடிகர் ஒரு செய்யுளை எடுத்து, ராகம் இழுத்து இழுத்துப் பாடுவார். ஜனங்கள் 'ஒன்ஸ் மோர்' என்று கத்துவார்கள். மயானத்தில் பிணத்தோடு நிற்கிற சந்திரமதி அழுகையை நிறுத்திவிட்டு, அதே செய்யுளை மறுபடி பாடிவிட்டுத் திரும்ப அழ வேண்டும். நம் ஊர் நாடகக் கொட்டகைகளிலும் இந்தக் கூத்து நடந்ததுதான். அந்தச் சங்கீதம் உயர்ந்த சங்கீதம், அதில் சந்தேகமில்லை. கிராமத்து ஏழைகளும் விடிய விடிய உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். ஆனால் மேடையில் கிரீடம் வைத்தவன் பேசுவான். கீழே கோவணம் கட்டியவன் கேட்பான். இவன் கதை அங்கே கிடையாது.

இதை முதலில் உடைத்தவர் குரஜாடா அப்பாராவ். விஜயநகரத்துக்காரர். சின்னஞ்சிறு பெண் குழந்தையைப் பணத்துக்காகக் கிழவனுக்குக் கட்டிக்கொடுக்கிற கொடுமையைக் கண்டித்து 'கன்யாசுல்கம்' என்ற நாடகத்தை எழுதினார். 1892-ல் அது மேடை ஏறியது. ஜனங்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுதினார்.

அதற்குப் பிறகு 1940-களில் பிரஜா நாட்டிய மண்டலி வந்தது. டாக்டர் கரிகபாட்டி ராஜாராவ் போன்றவர்கள் அதற்குத் தூணாக நின்றார்கள். சுங்கர சத்தியநாராயணாவும் வாசிரெட்டி பாஸ்கரராவும் சேர்ந்து எழுதிய 'மா பூமி' நாடகம் 1947-ல் வந்தது. 'எங்கள் நிலம்' என்று அர்த்தம். தெலங்கானாக் குடியானவன் மேடைக்கு வந்து நிலப்பிரபுவை எதிர்த்து நின்றான். சென்னை சர்க்கார் அந்த நாடகத்துக்குத் தடை போட்டது. ஒரு நாடகத்தைப் பார்த்துச் சர்க்கார் பயந்தது என்றால், அந்த நாடகம் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட காலத்தில்தான் ஆத்ரேயா நாடகாசிரியராக எழுந்தார். 'பரிவர்த்தன', 'எதுரீத', 'பயம்', 'விஸ்வசாந்தி', 'கப்பலு' என்று வரிசையாக எழுதினார். 'எதுரீத' என்றால் எதிர்நீச்சல். 'கப்பலு' என்றதும் கடலில் போகிற கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். தெலுங்கில் அது தவளைகள்! ராஜா ராணி இல்லை. கிரீடம் இல்லை. நம் காலத்து மனிதர்கள், நம் காலத்துப் பேச்சு.

குமாஸ்தா மேடை ஏறினான்

இந்த நாடகங்களில் தலையானது 'என்.ஜி.ஓ.' இந்த மூன்று எழுத்துக்கு இன்று வேறு அர்த்தம் சொல்கிறார்கள். அந்த நாளில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கெஜட்டில் பெயர் வராத சர்க்கார் சிப்பந்தி. அதாவது குமாஸ்தா.

அந்த என்.ஜி.ஓ. யார்? வெள்ளைச் சட்டை போட்டவன். கையில் பேனா பிடித்தவன். தெருவில் போனால் 'சார்' என்பார்கள். ஆனால் மாசக் கடைசியில் மளிகைக் கடைக்காரனைக் கண்டால் சந்து வழியாகத் திரும்பிப் போவான். யுத்தம் முடிந்த காலத்தில் அரிசிக்கு ரேஷன், துணிக்கு ரேஷன், மற்றதெல்லாம் கள்ள மார்க்கெட். விலைவாசி ஏணி வைத்து ஏறுகிறது. சம்பளம் நின்ற இடத்தில் நிற்கிறது. வீட்டிலே வியாதிக்காரர், மருந்துக்குக் காசில்லை. வெளியே சொல்ல வெட்கம். சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறான்.

ஆத்ரேயா அந்தக் குமாஸ்தாவின் வீட்டுக் கதவைத் திறந்து ஊருக்குக் காட்டினார். தானே குமாஸ்தாவாக இருந்தவர் அல்லவா? அந்த வீட்டில் எது எங்கே கிழிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நாடகம் பல ஊர்களில் பல தடவை நடந்தது. பார்க்க வந்த குமாஸ்தா மேடையில் தன்னையே பார்த்தான்.

1953-ல் அந்த நாடகம் 'குமாஸ்தா' என்று சினிமாவாக வந்தது. தெலுங்கிலும் வந்தது, தமிழிலும் வந்தது. சித்தூர் நாகையா நடித்தார். நெல்லூர்க்காரர் எழுதிய சங்கடம் தமிழ்நாட்டுக் குமாஸ்தாவுக்கும் பொருந்தியது. பசிக்கு மொழி ஏது?

தோழர்களே, இந்த நாடகத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆலைத் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. 'நான் படித்தவன், நீ கை வேலைக்காரன்' என்று அவன் ஒதுங்கி நிற்பான். 'அவன் துரை வீட்டு ஆள்' என்று இவனும் ஒதுங்கி நிற்பான். சம்பளம் கொடுக்கிறவனுக்கு இந்தச் சுவரைவிட லாபமான சுவர் வேறு இல்லை. பஞ்சப்படி கேட்டு யார் வந்தாலும் தனித்தனியாக அனுப்பிவிடலாம். 'என்.ஜி.ஓ.' போன்ற நாடகத்தைப் பார்க்கிறவன் என்ன தெரிந்துகொள்கிறான்? மாசச் சம்பளக்காரனும் கூலிக்காரன்தான். சட்டையின் நிறம்தான் வேறு. சங்க மேடையில் நாம் ஒரு மணி நேரம் பேசிச் சொல்ல வேண்டியதை, ஒரு நல்ல நாடகம் ஒரு காட்சியில் சொல்லிவிடும்.

வயிறும் சினிமாவும்

இவ்வளவு வேகமாக நாடகம் எழுதிய மனிதர் ஏன் சினிமாவுக்குப் போனார்? இந்தக் கேள்வி தெலுங்கு நாட்டில் பலர் கேட்ட கேள்வி.

நாடகம் கைதட்டல் கொடுத்தது, சோறு கொடுக்கவில்லை. அமெச்சூர் சபாக்களும் போட்டி மேடைகளும் நாடகத்தை நடத்தின. எழுதியவருக்கு மாலை போட்டார்கள். மாலையை உலையில் போட்டு வேக வைக்க முடியுமா? அந்தக் காலத்தில் தெலுங்குப் படங்கள் எல்லாம் சென்னையில்தான் எடுக்கப்பட்டன. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தது, 1956-ல் ஆந்திரப் பிரதேசம் உருவானது. ஆனாலும் வெகுகாலம் தெலுங்கு சினிமா கோடம்பாக்கத்தை விட்டுப் போகவில்லை. அந்தக் கோடம்பாக்கத்துக்கு ஆத்ரேயாவும் வந்து சேர்ந்தார்.

1951-ல் வந்த 'தீக்ஷா' என்ற படத்தில் பாட்டு எழுதத் தொடங்கினார். அதற்குப் பிறகு வசனம், பாட்டு என்று இரண்டும் எழுதினார். 1955-ல் 'அர்த்தாங்கி', 1957-ல் 'தோடி கோடள்ளு', 1959-ல் 'மாங்கல்ய பலம்', 1962-ல் 'மஞ்சி மனசுலு', 1964-ல் 'மூக மனசுலு' என்று ஏறிக்கொண்டே போனார். 1961-ல் சரத் சந்திரர் கதையை எடுத்து 'வாக்தானம்' என்ற படத்தைத் தானே டைரக்டு செய்தார். அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை: சீதா கல்யாண ஹரிகதை ஒன்று வருகிறது, அதை எழுதியவர் சாமி பூதம் எதையும் நம்பாத புரட்சிக் கவி ஸ்ரீஸ்ரீ! தன் படத்தில் தானே எல்லாப் பாட்டையும் எழுதிக்கொள்ளாமல் இன்னொரு பெருங்கவிக்கு இடம் விட்டவர் ஆத்ரேயா. தொழிலில் போட்டி உள்ள இடத்தில் இது சின்ன விஷயமல்ல.

வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதினார். ஆனால் சினிமா வேலை பெருகப் பெருக நாடகம் எழுதுவது குறைந்துவிட்டது. தெலுங்கு மேடைக்கு அது நஷ்டம்தான். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நல்ல நாடகாசிரியனைப் பட்டினி போடுகிற சமூகம், அவன் சினிமாவுக்குப் போனான் என்று வருத்தப்படுவது நியாயமல்ல.

சினிமா உலகத்தில் அவரைப் பற்றி ஒரு கேலிப் பேச்சு உண்டு. ஆத்ரேயா எழுதாமல் இருந்து படமுதலாளியை அழ வைப்பார். எழுதி ஜனங்களை அழ வைப்பார் என்பார்கள். பாட்டு சீக்கிரம் வராதாம். ஹோட்டலில் ரூம் போட்டுக் கொடுத்துவிட்டுப் படமுதலாளிகள் வாசலில் காத்துக் கிடப்பார்களாம்.

இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். சினிமாவிலே முதலில் பாட்டை ரிக்கார்டு செய்தால்தான் பிறகு நடிகர் வாயசைக்க முடியும். பாட்டு வராவிட்டால் சூட்டிங் நிற்கும். சூட்டிங் நின்றால் முதலாளிக்கு வட்டி ஏறும். லைட் தூக்குகிற தொழிலாளிக்கு அன்றைய பேட்டா போகும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என்ன? பாட்டு எழுதுவது பீஸ் ரேட்டு வேலை. ஆனால் அதை ரிங் பிரேம் ஓடுகிற வேகத்தில் ஓட்ட முடியாது. ஒரு சொல் கிடைக்க ஒரு ராத்திரி போகும். சரியான சொல் கிடைக்கும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார் என்றால், அவர் தன் சரக்கை மட்டமாகக் கொடுக்க மறுத்தார் என்று அர்த்தம். அப்படிக் கிடைத்த சொல் எப்படிப்பட்ட சொல்? அகராதியைப் புரட்ட வேண்டிய சொல் அல்ல. கிணற்றடியில் பேசுகிற சொல். தெலுங்கு தாய்மொழியாக உள்ள குடும்பங்கள் நம் பஞ்சாலைப் பகுதியில் நிறைய இருக்கின்றன. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் ஆத்ரேயா பாட்டு புரியும்.

பாட்டு எழுதிய பிறகு மெட்டா, மெட்டு போட்ட பிறகு பாட்டா என்பது சினிமாவில் பெரிய வழக்கு. இசையமைப்பாளர் கே.வி.மகாதேவன் முதலில் பாட்டை வாங்கிக்கொண்டு, அதற்கு ஏற்ப மெட்டுப் போடுகிறவர். நம் நாஞ்சில் நாட்டுப் பக்கத்துத் தமிழர். அவரும் ஆத்ரேயாவும் சேர்ந்த படங்களில் சொல் முன்னே நடந்தது, இசை பின்னே வந்தது. அதனால்தான் அந்தப் பாட்டுகளில் வார்த்தை நசுங்கவில்லை.

மனம் யாருக்கு உண்டு?

ஆத்ரேயாவுக்கு 'மனசு கவி' என்று ஒரு பட்டப் பெயர். மனசு, மனசு என்று அவர் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும்.

'வயிறு காய்கிறது, மனசைப் பற்றிப் பாட்டு எதற்கு?' என்று நம் தோழர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 'மூக மனசுலு' படத்தைப் பாருங்கள். ஊமை மனங்கள் என்று அர்த்தம். கோதாவரி ஆற்றில் படகு ஓட்டுகிறவன் கதாநாயகன். ஜமீன்தார் வீட்டுப் பெண்ணிடம் அவனுக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாத பாசம். அந்தப் படத்தின் பெரும்பாலான பாட்டுகளை ஆத்ரேயா எழுதினார். நம் சினிமாக்களில் வேலைக்காரன் என்றால் பெரும்பாலும் கோமாளி. எஜமான் வீட்டுப் பிள்ளைக்குத்தான் காதல் வரும், சோகம் வரும், தத்துவம் வரும். படகுக்காரனுக்கும் மனசு உண்டு, அதுவும் எஜமான் மனசைவிட ஆழமானது என்று ஆத்ரேயாவின் பாட்டு சொன்னது. கூலி உயர்வு கேட்பதும் உரிமை. நானும் மனிதன், எனக்கும் மனம் உண்டு என்று சொல்வதும் உரிமை. பண்ணையில் 'அடே' என்று கூப்பிடப்பட்டவர்களுக்கு இரண்டாவது உரிமையின் அருமை நன்றாகத் தெரியும்.

மாளிகைக்கு உள்ளே

அப்படியானால் அவர் எழுதியதெல்லாம் உழைப்பாளிக்காகவா? இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

1971-ல் 'பிரேம நகர்' என்று ஒரு படம் வந்தது. அதைத்தான் மறு ஆண்டு தமிழில் 'வசந்த மாளிகை' என்று எடுத்தார்கள். ஒரு ஜமீன்தார் பிள்ளை குடிக்கிறான், காதலிக்கிறான், காதலிக்காக மாளிகை கட்டுகிறான், ஏங்குகிறான். தெலுங்கில் வசனமும் பாட்டும் ஆத்ரேயா. 1957-ல் மாடி வீட்டின் கல் எப்படி வந்தது என்று கேட்ட அதே பேனா, 1971-ல் மாளிகைக்காரனின் கண்ணீரை எழுதியது. அந்த மாளிகையைக் கட்டிய கொத்தனும் சித்தாளும் அதில் பேசவில்லை.

ஏன் இப்படி? சினிமாப் பாட்டுக்காரன் கதையைத் தேர்ந்தெடுப்பதில்லை. கதையை முதலாளி தேர்ந்தெடுக்கிறார். காட்சியைச் சொல்லி, 'இதற்கு ஒரு பாட்டு வேண்டும்' என்கிறார்கள். இவர் எழுதிக் கொடுக்கிறார். ஆலையில் நீங்கள் எந்த நம்பர் நூல் நூற்பது என்று நீங்களா தீர்மானிக்கிறீர்கள்? நல்ல தொழிலாளி கிடைத்த வேலையில் தன் கைத்திறமையைக் காட்டுகிறான். ஆத்ரேயாவும் காட்டினார். ஆனால் இடம் கிடைத்த போதெல்லாம் அந்தப் பழைய கேள்வியை நுழைத்தார். அந்த இடத்தைத் தேடிப் பார்ப்பதுதான் நம் வேலை.

1981-ல் ஒரு இடம் கிடைத்தது. கே.பாலசந்தர் எடுத்த 'ஆகலி ராஜ்யம்' - பசி ராஜ்யம். தமிழில் 1980-ல் வந்த 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தின் தெலுங்கு வடிவம் அது. படித்துவிட்டு வேலையில்லாமல் டில்லியில் அலைகிற வாலிபர்களின் கதை. தமிழ்க் கதாநாயகன் பாரதி பாட்டைச் சொல்வான். தெலுங்குக் கதாநாயகன் ஸ்ரீஸ்ரீயின் கவிதையைச் சொல்வான். ஆத்ரேயா அதற்கு ஒரு பாட்டு எழுதினார். சாப்பாட்டுக்குத்தான் வழியில்லை, பாட்டாவது பாடுவோம் என்கிற மாதிரி நையாண்டி. 1942-ல் படிப்பை விட்டு ஜெயிலுக்குப் போனவர், நாற்பது வருஷம் கழித்து, சுதந்திர நாட்டில் படித்தவனுக்குச் சோறு இல்லையே என்று எழுத வேண்டி வந்தது. கேலியாக எழுதினார். அந்தக் கேலிக்குள் நெருப்பு இருக்கிறது.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

இனி நான் சொல்லப் போவது நம் தொழிற்சங்கத்துக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம். கவனமாகக் கேளுங்கள்.

கல் வெட்டியவனுக்கு மாடி இல்லை, நெய்தவனுக்குச் சேலை இல்லை என்று பாடினார் ஆத்ரேயா. அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா?

ஒரு பாட்டு கொட்டகையில் ஓடுகிறது. ரிக்கார்டாக விற்கிறது. ரேடியோவில் வருகிறது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கேட்கிறது. ஐம்பது வருஷம், அறுபது வருஷம் காசு கொட்டுகிறது. எழுதியவருக்கு என்ன கிடைத்தது? எழுதிய அன்றைக்குப் பேசிய தொகை. அதோடு சரி. பிறகு வருகிற லாபமெல்லாம் உரிமை வைத்திருப்பவருக்கு.

1977-ல் இந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பாட்டு எழுதுகிறவர்களும் இசையமைப்பாளர்களும் சேர்ந்த சங்கம் ஒரு பக்கம், சினிமாக்காரர்கள் மறு பக்கம். படத்துக்காகக் காசு கொடுத்து எழுதச் சொன்னால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தப் பாட்டுக்கு முதல் சொந்தக்காரர் படமுதலாளிதான் என்று தீர்ப்பு வந்தது. அன்றைய சட்டம் அப்படி. அந்த பெஞ்சில் இருந்தவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில் மந்திரியாக இருந்தவர். அவர் தீர்ப்போடு தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிற கலைஞனுக்கு இந்தச் சட்டத்தில் உரிமையே இல்லையே, பார்லிமெண்டு இதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதினார்.

பார்லிமெண்டு எப்போது கவனித்தது? 2012-ல். ஜாவேத் அக்தர் போன்ற பாட்டுக்காரர்கள் விடாமல் வாதாடிய பிறகு, காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சினிமாக் கொட்டகைக்கு வெளியே பாட்டு எந்த வழியில் பயன்பட்டாலும், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று விதி வந்தது. எழுதிக் கொடுக்க முடியாது என்பதன் அருமை உங்களுக்குத் தெரியும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிற வழக்கத்தை நாம் ஆலை வாசலிலும் பார்த்திருக்கிறோம், பண்ணைக் களத்திலும் பார்த்திருக்கிறோம்.

ஆத்ரேயா இந்தச் சட்டத்தைப் பார்க்கவில்லை. 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி அவர் காலமானார். வயது 68. கடைசிவரை எழுதினார். 1988-ல் வந்த 'அபிநந்தன' படத்தில் இளையராஜா இசையில் வந்த பாட்டுகள் எல்லாம் அவர் எழுதியவை. அவர் இறந்து 23 வருஷம் கழித்துத்தான் அந்தத் திருத்தம் வந்தது.

ஒன்று பாருங்கள் தோழர்களே. நெசவாளிக்காகப் பாடியவரும் நெசவாளியைப் போலத்தான் இருந்தார். அவர் நெய்தார், வேறொருவர் கட்டிக்கொண்டார். பேனா பிடித்தவனும் தறி பிடித்தவனும் ஏர் பிடித்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்று 'என்.ஜி.ஓ.' நாடகத்தில் கண்டது அவருடைய வாழ்க்கையிலும் உண்மையாயிற்று. ஆனால் 2012-ல் கிடைத்தது தானாகவா கிடைத்தது? சங்கம் வைத்தார்கள், கோர்ட்டில் தோற்றார்கள், தோற்ற பிறகும் 35 வருஷம் விடாமல் கேட்டார்கள், சட்டத்தை மாற்றினார்கள். பதிலித் தொழிலாளி நிரந்தரம் கேட்கிற போதும், விவசாயத் தொழிலாளி சட்டப்படியான கூலி கேட்கிற போதும், நினைவில் வைக்க வேண்டிய கணக்கு இது.

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆத்ரேயாவுக்கு மாலை போட்டுப் படம் திறந்துவிட்டுப் போவதில் லாபமில்லை. நம் கிளைகளில் பாடத் தெரிந்த தோழர்கள் இருக்கிறார்கள்; நடிக்கத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவனின் வீட்டில் என்ன நடக்கிறது, களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் எப்படிச் சாய்கிறது - இதை வெளியூரிலிருந்து யாரும் வந்து எழுதித் தர மாட்டார்கள். நீங்கள்தான் எழுத வேண்டும். ஆபீசில் பார்த்ததை அந்தக் குமாஸ்தா நாடகமாக எழுதவில்லையா? பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். அரை மணி நேர நாடகம் போதும். அடுத்த கூட்டத்தில் என் பேச்சைக் குறைத்துக்கொண்டு அந்த நாடகத்துக்கு நேரம் தருகிறேன்.

நம்மிடையே தெலுங்கு தெரிந்த தோழர்கள் அந்த 1957-ஆம் வருஷத்துப் பாட்டைத் தேடிக் கேளுங்கள். தெலுங்கு தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கு அர்த்தம் சொல்லுங்கள். சேலைக் கேள்வி வரும்போது கொஞ்சம் நிறுத்தி, உங்கள் கையை அவருக்குக் காட்டுங்கள்.